க்வெவ்ரி ஒயின் கற்கக் காகேத்தி கிராமத்துக்குப் போகிறவர்களுக்கு

செப்டம்பருக்கு டிக்கெட் போட்ட பிறகுதான் பெரும்பாலும் என்னிடம் யோசனை கேட்பார்கள். ஜார்ஜியா நாட்டின் கிழக்கே காகேத்தி மாகாணத்தில் அப்போது ‘ர்த்வேலி’, அதாவது திராட்சை அறுவடை. ஊரே தோட்டத்தில் கிடக்கும், சாயங்காலமானால் விருந்தும் பாட்டும். படம் எடுக்க அருமையான நேரம், கற்றுக்கொள்ள மோசமான நேரம். ஒரு வருஷத்து உழைப்பு சில நாளில், மழைக்கு முன்னால் வீடு வந்து சேர வேண்டும் என்ற பதற்றத்தில் இருக்கிறவரிடம் போய் “இதை ஏன் இப்படிச் செய்கிறீர்கள்?” என்று கேட்டால், சிரித்துக்கொண்டே ஒரு வாளியைக் கையில் கொடுப்பார். திராட்சை பறிக்கத் தெரிந்துகொண்டு ஊர் திரும்புவீர்கள். ஒயின் கற்க வேண்டுமென்றால் ஏப்ரலில் போங்கள்.

தலைநகர் திபிலிசியில் மருத்துவம் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் சிலரும், நம் ஊரில் திராட்சைக் கொடித் தோட்டம் வைத்திருக்கிற சிலரும் கேட்டதால் எழுதுகிறேன். சுற்றுலாப் பயணிக்கு ஒரு மணி நேரம் போதும், எந்த மரானியிலும், அதாவது ஒயின் அறையிலும், நான்கு கோப்பை ஊற்றிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். இது ஒரு வருஷத்தில் மூன்று நான்கு முறையாவது ஒரே வீட்டுக்குப் போய்வர முடிகிறவர்களுக்கானது.

எதைக் கற்கப் போகிறோம்

க்வெவ்ரி என்பது சுட்ட களிமண் தாழி. முட்டை வடிவம், கூர்மையான அடி, உட்சுவரில் தேன்மெழுகுப் பூச்சு. 20 லிட்டரில் தொடங்கிச் சில ஆயிரம் லிட்டர் வரை உண்டு. வாய் மட்டும் வெளியே தெரிய, தரைக்குள் புதைத்திருப்பார்கள். தாழிகள் புதைந்திருக்கும் அறைக்கு மரானி என்று பெயர். காகேத்தி முறையில் சாற்றோடு தோல், விதை, காம்பு எல்லாவற்றையும் தாழியில் போட்டு ஐந்தாறு மாதம் விடுகிறார்கள். அதனால்தான் வெள்ளைத் திராட்சையிலிருந்துகூடத் தேன் நிறத்தில், துவர்ப்போடு ஒயின் வருகிறது. மேற்கே இமெரெத்தியில் சக்கையைக் கொஞ்சமாகத்தான் சேர்ப்பார்கள், அங்கே கிடைப்பது மெல்லிய ஒயின்.

யுனெஸ்கோ இந்த முறையை 2013-ல் மனிதகுலத்தின் மரபுப் பட்டியலில் சேர்த்தது. திபிலிசிக்குத் தெற்கே கதாச்ரிலி கோரா, ஷுலாவெரிஸ் கோரா என்ற மேடுகளில் கிடைத்த பானை ஓடுகளில் சுமார் 8,000 ஆண்டுக்கு முந்தைய திராட்சை ஒயினின் தடயம் இருப்பதாக 2017-ல் ஆய்வு வெளிவந்தது. இதையெல்லாம் எந்த வழிகாட்டியும் சொல்லிவிடுவார். உங்களுக்கு அதைவிட முக்கியமானது சோவியத் கதை. அந்தக் காலத்தில் அரசு ஆலைகள் பார்த்தது அளவைத்தான். தாழி ஒயின் வீட்டுக் குடிப்புக்கு மட்டும் என்று மரானிக்குள் ஒதுங்கிவிட்டது. ஆலைத் தொழில்நுட்பம் கல்லூரியில் பாடமானது, தாழி நுட்பம் தாத்தாவிடமும் பக்கத்து வீட்டுக்காரரிடமும் தங்கிவிட்டது. 2006-ல் ரஷ்யா ஜார்ஜிய ஒயினுக்குத் தடை போட்டபோது வேறு சந்தை தேட வேண்டிய நிலை வந்தது. அப்போது இந்த வீட்டு ஒயினையும் வெளிநாட்டார் தேடி வந்து குடித்தார்கள். இன்று லேபிள் ஒட்டி விற்கிற சிறு தயாரிப்பாளர்கள் பலரும் அப்பாவின் தாழியிலிருந்து தொடங்கியவர்கள்.

வெளியாள் கற்க முடியுமா என்று தயங்க வேண்டாம். இத்தாலிய ஒயின் தயாரிப்பாளர் யோஸ்கோ கிராவ்னர் 2000-த்தில் ஜார்ஜியா வந்து பார்த்துவிட்டுத் தன் ஊரில் தாழிகளைப் புதைத்தார். ஜான் வுர்டெமன் என்ற அமெரிக்க ஓவியர், கெலா பத்தாலிஷ்விலி என்ற பரம்பரை விவசாயியோடு சேர்ந்து சிக்னாகியில் 2007-ல் ஒயின் நிறுவனமே தொடங்கினார். அவருக்குத் தாழியைச் சொல்லித்தந்தது கல்லூரி இல்லை, கூட்டாளிதான்.

ஏப்ரல்: வீட்டைத் தேர்ந்தெடுப்பது

தெலாவி, குர்ஜானி, சிக்னாகி மூன்றில் எதையாவது மையமாக வைத்துக்கொள்ளுங்கள். சுற்றியுள்ள கிராமங்களில் கொடித்தோட்டம் இல்லாத வீடு அபூர்வம். தங்கும் விடுதியாகவும் நடத்துகிற விவசாயக் குடும்பம் கிடைத்தால் வசதி. வாடகை கொடுக்கிறீர்கள், ஆகவே கூச்சம் இல்லாமல் நாளெல்லாம் கூடவே சுற்றலாம்.

மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும் தாழிகளைத் திறக்கிறார்கள். வீட்டுக்கு வீடு போய் ருசி பார்க்கிற பருவம் அது. ‘ஒர்ஷிமோ’ என்று ஒன்று வைத்திருப்பார்கள், காய்ந்த சுரைக்குடுக்கையில் நீளக் கம்பு செருகிய அகப்பை. அதைத் தாழிக்குள் இறக்கி மொண்டு ஊற்றுவார்கள். முதல் வாரம் முழுக்க இதுதான் உங்கள் வேலை. ஒரே சரிவில் விளைந்த ஒரே ர்கத்ஸிதெலி திராட்சை, நான்கு வீட்டில் நான்கு விதமாக இருக்கும். ஒன்றில் வாதுமைப் பழ வாசம், ஒன்றில் நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பு, ஒன்றில் லேசான காடி. ஏன் என்று ஒவ்வொரு வீட்டிலும் கேளுங்கள். அறுவடையில் பதில் சொல்லாத அதே மனிதர் இப்போது தாழியின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து அரை மணி நேரம் பேசுவார், ஏனென்றால் இப்போது அவர் கையில் வேலை இல்லை, பெருமை மட்டும் இருக்கிறது.

கேட்க வேண்டியவை நான்கு: எந்தத் தேதியில் பறித்தீர்கள், காம்பைச் சேர்த்தீர்களா, எப்போது தாழியின் வாயை மூடினீர்கள், மூடும்போது விளிம்புவரை நிரம்பியிருந்ததா. பதில்களை அன்றிரவே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். மேசையில் நோட்டை எடுக்காதீர்கள், பேச்சு நின்றுவிடும்.

எந்த வீட்டில் தங்கிக் கற்பது என்று முடிவு செய்ய எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். உங்கள் ஒயினை விட்டுவிட்டால் இந்த ஊரில் யாருடையது நன்றாக இருக்கும் என்று மூன்று வீட்டில் கேளுங்கள். இரண்டு பேர் ஒரே பெயரைச் சொன்னால் அங்கே போங்கள். பெயர்ப்பலகையும் பாட்டில் அலமாரியும் பளபளக்கிற இடத்துக்கு அவசரப்பட வேண்டாம்.

மொழி ஒரு தடைதான். இளையவர்கள் ஆங்கிலம் பேசுவார்கள், பெரியவர்களுக்கு ரஷ்ய மொழி தெரியும், கற்றுத்தர வேண்டியவர் பெரியவர். ‘ரோகோர்’ என்றால் எப்படி, ‘ரதோம்’ என்றால் ஏன். இந்த இரண்டோடு வணக்கத்துக்கு ‘கமர்ஜோபா’ தெரிந்தால் பிழைத்துக்கொள்ளலாம். வயதில் மூத்த ஆணைப் பெயருக்கு முன் ‘பாத்தோனோ’ சேர்த்தும், பெண்ணைக் ‘கல்பாத்தோனோ’ சேர்த்தும் கூப்பிடுங்கள். நம்மைப் போலவே மரியாதை பார்க்கிற ஊர்.

கோடை: கொடி

ஜூன், ஜூலையில் ஒருமுறை போய்வருவது நல்லது. கட்டாயம் என்று சொல்லமாட்டேன். தேனி மாவட்டத்துக் கொடிக்காரர்களுக்கு இதில் புதிதாகச் சொல்ல அதிகம் இல்லை. மயில்துத்தம், சுண்ணாம்பு, கந்தகம், சாம்பல் நோய், அடிச்சாம்பல் நோய், எல்லாம் அங்கேயும் அதேதான். புதிதாக இருப்பது ஆலங்கட்டி மழை பற்றிய பயம். காக்கசஸ் மலைப் பக்கம் கருத்தால் ஊரே வானத்தைப் பார்த்து நிற்கும். கவாத்து பிப்ரவரி, மார்ச்சில் நடக்கும். வெட்டிய கொடிக்குச்சிகளைக் கட்டுக்கட்டாக அடுக்கிவைப்பதைப் பார்த்தால் தூக்கிப்போட உதவுகிறேன் என்று கிளம்பாதீர்கள். அதன் தணலில்தான் ‘ம்த்ஸ்வாதி’ எனும் இறைச்சி சுடுவார்கள்.

செப்டம்பர் தொடக்கம்: தாழி கழுவுவது

புதிதாக வருகிறவர்கள் தவறவிடுகிற கட்டம் இது. அறுவடைக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே போய்விடுங்கள். தாழி கழுவுவதற்கு ஆள் கிடைப்பதில்லை, இளையவர்களுக்குச் சலிப்பு. நான் வருகிறேன் என்று சொல்கிற அந்நியனுக்கு அந்த வீட்டில் உடனே ஓர் இடம் கிடைத்துவிடும்.

சிறிய தாழியை மேலிருந்தே கழுவுவார்கள். கருவி ‘சார்த்ஸ்கி’. செர்ரி மரப்பட்டைகளை வட்டமாக அடுக்கித் தைத்து, நீளக் கழியில் கட்டியது. தண்ணீர் ஊற்றி, சுவரை மேலிருந்து கீழாகச் சுற்றிச் சுற்றித் தேய்த்து, அழுக்குத் தண்ணீரை மொண்டு வெளியே ஊற்றி, மறுபடியும். சில வீட்டில் சுண்ணாம்பு நீரோ சாம்பல் நீரோ சேர்ப்பார்கள், அதன்பின் பலமுறை அலச வேண்டும். எப்போது போதும் என்பதற்கு ஊர் வைத்திருக்கும் அளவுகோல் கடுமையானது: கடைசியாக மொண்ட தண்ணீரைக் குடிக்கத் தோன்ற வேண்டும். சில பெரியவர்கள் உண்மையாகவே ஒரு வாய் குடித்துப் பார்ப்பார்கள். கழுவும்போது காதையும் தீட்டிக்கொள்ளுங்கள். விரல் முட்டியால் தட்டினால் விரிசல் விட்ட தாழி மந்தமாகச் சத்தம் கொடுக்கும். தலையை உள்ளே விட்டு முகர்ந்து, போன வருஷத்து வாடை எது, பூஞ்சை வாடை எது என்று அவர்கள் பிரித்துச் சொல்வதைக் கேளுங்கள். ஏப்ரலில் ருசித்த காடிக்குக் காரணம் பாதி இங்கேயே கிடைத்துவிடும்.

பெரிய தாழிக்குள் ஆள் இறங்குவார். நீங்கள் இறங்க வேண்டாம், முதல் வருஷம் கண்டிப்பாக வேண்டாம். நொதித்தலில் வரும் கரியமில வாயு காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கும், வாடை இருக்காது. கிணறு தூர்வார இறங்குமுன் நம் ஊரில் விளக்கை இறக்கிப் பார்ப்பதுபோல அங்கேயும் மெழுகுவத்தி இறக்கிப் பார்ப்பார்கள். அது போதாது. சுடர் அணையாத அளவு வாயுகூட ஆளை மயக்கிவிடும். மின்விசிறி வைத்துக் காற்றை உள்ளே அடித்த பிறகு, மேலே ஒருவர் கண்ணெடுக்காமல் நிற்க, கயிறு கட்டி இறங்குவதே சரி. தனியாக யாராவது இறங்கப் பார்த்தால், விருந்தாளி என்ற கூச்சத்தை விட்டுத் தடுத்துவிடுங்கள்.

கழுவி உலர்ந்த தாழிக்குள் கந்தகத் திரி கொளுத்தி மூடுவார்கள். “நாங்கள் மருந்தே சேர்ப்பதில்லை” என்று காலையில் சத்தியம் செய்தவரே சாயங்காலம் இதைச் செய்வார். வாதம் செய்ய வேண்டாம். அவர் கணக்கில் பாக்கெட்டில் வருவது மருந்து, திரி என்பது தாத்தா காலத்து வழக்கம்.

அறுவடை

இந்தக் கட்டத்தில் உங்களுக்குத் தெரிந்தவர்கள் இருப்பார்கள், ஆகவே இனி ர்த்வேலியை ரசிக்கலாம். ஒரு வீட்டுத் தோட்டத்துக்கு நாலு வீட்டு ஆட்கள் வருவார்கள், மறுநாள் இவர்கள் அங்கே போவார்கள். இந்த மாற்று உழைப்புக்கு ‘நாதி’ என்று பெயர். நீங்களும் அந்தச் சுற்றில் சேர்ந்து பக்கத்து வீடுகளுக்குப் போங்கள், ஒரே நாள் தள்ளிப் பறித்த பழம் எப்படி வேறாக இருக்கிறது என்பது அப்போதுதான் தெரியும். கூலி பேசவும் கூடாது, கொடுக்கவும் கூடாது.

பறிக்கலாமா என்று தீர்மானிப்பதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். இனிப்பை மட்டும் பார்ப்பவர் அனுபவம் குறைந்தவர். தேர்ந்தவர் பழத்தைக் கடித்து விதையைத் துப்பி உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பார்: பழுப்பாகி, பல்லில் நொறுங்க வேண்டும். குலைக்காம்பை வளைத்துப் பார்ப்பார். காகேத்தியில் காம்பும் தாழிக்குள் போவதால் இது முக்கியம். பச்சைக் காம்பு பச்சைக் கசப்பைக் கொடுக்கும், மரம்போலப் பழுத்த காம்பு ஒயினுக்கு முதுகெலும்பைக் கொடுக்கும். பாதிக் காம்பைப் பொறுக்கி எறிந்துவிட்டு மீதியைப் போடும் வீடுகளும் உண்டு. எத்தனை எறிந்தார்கள், ஏன் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

கணக்குக்கு: ஒரு டன் பழத்துக்கு ஆயிரம் லிட்டருக்கு மேல் கொள்ளும் தாழி வேண்டும், கடைசியில் கையில் நிற்பது 600 முதல் 700 லிட்டர். தாழியை முழுக்க நிரப்புவதில்லை. பொங்கும் என்பதால் ஐந்தில் ஒரு பங்கு இடம் விடுகிறார்கள்.

இரவு முறை

பழம் நசுங்கித் தாழிக்குள் போன ஓரிரு நாளில் காட்டு ஈஸ்ட் வேலையைத் தொடங்கும். தோலும் காம்பும் மேலே கனத்த அடுக்காக எழும்பும். அதைக் குறுக்குக்கட்டை பொருத்திய நீளக் கழியால் நாளுக்கு நாலைந்து முறை, உச்சத்தில் அதைவிட அதிகமாக, கீழே அமுக்கிக் கலக்க வேண்டும். விட்டால் சூடு ஏறும், காய்ந்த மேற்பரப்பில் காடி பிடிக்கும். பகலில் அறுவடை, ராத்திரி விருந்து என்று வீடே அலுத்துப்போயிருக்கும் நேரத்தில் நடுராத்திரி முறைக்கு ஆள் தேடுவார்கள். அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நான் பார்த்தவரை இதைவிட நல்ல வகுப்பு கிடையாது.

முதல் இரண்டு இரவு பெரியவர் கூட வருவார். கதவை விரியத் திறந்துவைத்துக் காற்று போகவிட்ட பிறகே உள்ளே நுழைவார், இதை நீங்கள் ஒரு நாளும் மறக்கக் கூடாது. அப்புறம் சக்கையின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். வெதுவெதுப்பு சரி, சுடக் கூடாது. கழியை நடுவில் குத்தாமல் விளிம்பிலிருந்து தொடங்குவார், சுவரோரத்தில்தான் சக்கை முதலில் காய்கிறது. அடுக்கு உடையும்போது சீறல் சத்தம் வரும். அந்தச் சீறல் நாளுக்கு நாள் எப்படித் தணிகிறது என்பதை வைத்தே சர்க்கரை எவ்வளவு மிச்சம் என்று சொல்வார்கள். அவர் சொன்னதை நீங்கள் சர்க்கரைமானியால் சரிபாருங்கள்.

ஆம், சர்க்கரைமானி. கண்ணாடிக் குழாயில் மிதக்கிற ஒன்று, ஒரு வெப்பமானி, இரண்டையும் கையோடு எடுத்துப் போங்கள். ஊரில் பலரிடம் இருக்கும், ஆனால் எடுத்துப் பார்க்கமாட்டார்கள். அவர்கள் கைக்கும் காதுக்கும் நாற்பது வருஷப் பழக்கம், உங்களுக்கு அது இல்லை. அறுவடையில் ர்கத்ஸிதெலி 22 முதல் 24 பிரிக்ஸ் (சாற்றின் சர்க்கரை அளவு) காட்டினால் ஒயின் 12.5 முதல் 13.5 சதவீத ஆல்கஹாலில் நிற்கும். தினமும் ஒரே நேரத்தில் அளந்து, பெரியவர் கையால் சொன்னதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். சில நாளில் அவருக்கே ஆவல் வந்து “இன்றைக்கு என்ன காட்டுகிறது?” என்று கேட்பார்.

இரண்டு மூன்று வாரத்தில் சக்கை தானாக மூழ்கும். விதைகள் முதலில் இறங்கிக் கூர்முனையில் சேரும், அதன்மேல் வண்டல் படியும், தோலும் காம்பும் அடுத்து. விதை வண்டலுக்கு அடியில் அடங்கிவிடுவதால்தான் ஆறு மாதம் ஊறியும் கசப்பு ஏறுவதில்லை என்பார்கள். அடி கூர்மையாக இருப்பதன் பயன் அது. பிறகு அதே ஒயினால் விளிம்புவரை நிரப்பி, மூடியை முதலில் சும்மா சாத்திவைத்து, வாயு அடங்கியதும் கல் மூடியைக் களிமண்ணால் ஒட்டி, மேலே ஈரமணல் போடுவார்கள். நீங்கள் ஊருக்குக் கிளம்பலாம்.

விருந்து மேசையும் ஊர்ச் சொல்லும்

‘சுப்ரா’ என்கிற விருந்தில் ‘தமதா’ ஒருவர் தலைமை தாங்குவார். அவர் வாழ்த்துச் சொன்ன பிறகே குடிக்க வேண்டும், நடுவில் நீங்களாகக் கோப்பையைத் தூக்கக் கூடாது. நிறையக் குடிக்க முடியாதவர்கள் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால் யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். மேசையில் துப்பிப் பார்க்காதீர்கள், ஆராய்ச்சியெல்லாம் மரானியோடு சரி.

ஊரில் ஒருவர் ஒயினை இன்னொருவர் நேரடியாகக் குறை சொல்வதில்லை. “பழம் நல்ல பழம்” என்று மட்டும் சொல்லிக் கோப்பையைக் கீழே வைத்தால் ஒயின் சரியில்லை என்று பொருள். இரண்டாவது கோப்பையைத் தானே நீட்டினால் அது பாராட்டு. இதைக் கவனிக்கப் பழகினால் எந்தப் புத்தகத்திலும் இல்லாத மதிப்பெண் பட்டியல் உங்களிடம் சேர்ந்துவிடும்.

ஊர்ப் பாடத்தின் ஓட்டையையும் சொல்ல வேண்டும். வருஷக்கணக்காகத் தன் ஒயினையே குடிக்கிறவருக்கு அதன் வாடை தெரிவதில்லை. காடி வாடை, நகப்பூச்சு வாடை, விழுங்கிய பிறகு தொண்டையில் எழும் எலி வாடை, இவை சில வீடுகளில் ‘எங்கள் ருசி’ ஆகிவிட்டிருக்கும். பையனும் அதையே சரியென்று கற்கிறான். ஆகவே ஒரே வீட்டில் வேலை பாருங்கள், பல வீட்டில் ருசி பாருங்கள். மே மாதம் திபிலிசியில் நடக்கும் புது ஒயின் திருவிழாவுக்குச் சிறு தயாரிப்பாளர்கள் தங்கள் பாட்டில்களோடு வருவார்கள். உங்கள் வீட்டுக்காரரையும் அழைத்துப் போங்கள். பக்கத்து மாவட்டத்து ஒயினைக் குடித்துவிட்டு அவர் அமைதியாகிவிடும் நேரத்தில் நீங்களும் பேசாமல் இருங்கள்.

இரண்டாம் வருஷம்

சொந்தமாகச் செய்து பார்க்க 100 கிலோ பழம் போதும், 60 லிட்டருக்கு மேல் கிடைக்கும். சின்னத் தாழி வாங்க ஆசை வரும். தாழி சிறிதாக இருந்தால் சூடும் காற்றும் சீக்கிரம் ஏறி இறங்கும், புதியவருக்குக் கட்டுப்படாது. வீட்டுக்காரரின் நடுத்தரத் தாழி ஒன்றில் பங்கு கேளுங்கள், அல்லது பெரிய கண்ணாடிக் குடுவையில் தொடங்குங்கள். வசந்தத்தில் உங்கள் ஒயினை யாருடையது என்று சொல்லாமல் மூன்று வீட்டில் கொடுங்கள், இரண்டாவது கோப்பை நீள்கிறதா என்று பாருங்கள்.

தமிழ்நாட்டில் இதைச் செய்ய நினைக்காதீர்கள். உரிமம் இல்லாமல் வீட்டில் ஒயின் தயாரிப்பது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம், கிறிஸ்துமஸுக்கு என்றாலும் அதே சட்டம்தான். ஊருக்குக் கொண்டுவர வேறொன்று இருக்கிறது, அது மரானியில் கிடைக்காது, சமையற்கட்டில் கிடைக்கும். அறுவடைக் காலத்தில் பெண்கள் திராட்சைச் சாற்றை மாவோடு காய்ச்சிக் கூழாக்கி, நூலில் கோத்த வால்நட்டை அதில் முக்கி எடுத்துத் தொங்கவிடுவார்கள். ‘சுர்ச்கெலா’ என்று பெயர். கம்பத்துப் பன்னீர் திராட்சையில் செய்யலாம். சாற்றை முதலில் தனியாகச் சுண்டக் காய்ச்சுங்கள், ஆறிய சாற்றில் மாவைக் கட்டியில்லாமல் கரைத்த பிறகே மறுபடி அடுப்பில் ஏற்றுங்கள், கரண்டியின் பின்புறத்தில் படிந்து வழியாமல் நிற்கும்வரை கிளறுங்கள். ஒருமுறை முக்கியதும் காயவிட்டு மறுபடி முக்க வேண்டும். நேர் வெயிலில் தொங்கவிட்டால் வெடிக்கும். காற்றோட்டமுள்ள நிழலில், எறும்பு ஏறாத கொடிக்கயிற்றில் கட்டுங்கள்.